ஊர் எல்லையில் வரும் வளாகமும் நம் பிள்ளைகள் கடக்கும் சாலையும்

கடந்த சில வாரங்களாக ஜும்ஆ முடிந்ததும் ஒரே விஷயத்தைத்தான் பலரும் கேட்கிறார்கள். எங்கள் ஊருக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரமாக, பெரிய நிலம் ஒன்றைச் சமன்படுத்திக் கொண்டிருக்கிறார்கள். முன்புறம் கடைகள், நடுவில் கல்யாண மஹால், பின்னால் அடுக்குமாடி வீடுகள் என்று ஒரு வளாகம் வரப்போகிறதாம். "ஹஜ்ரத், இது வந்தால் ஊருக்கு நல்லதுதானே?" என்று சிலர். "ஹஜ்ரத், இப்பவே பைபாஸைக் கடக்க முடியவில்லை, இது வந்தால் பிள்ளைகள் எப்படி மதரஸாவுக்கு வரும்?" என்று சிலர். இன்னும் சிலர் குரலைத் தாழ்த்தி, "கட்டுகிறவர் நம்ம ஆள், எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்குமா?" என்கிறார்கள்.

மூன்று கேள்வியும் நியாயமானவைதான். இது எங்கள் ஊர் விவகாரம் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் புறவழிச்சாலை போட்ட எல்லா ஊரிலும் இன்று இதே கதை நடக்கிறது. எனவே, ஒரு வளாகம் வருவதால் போக்குவரத்து எப்படி, ஏன் நெரிகிறது, யார் அனுமதி தருகிறார்கள், நாம் எந்தக் கட்டத்தில் பேசினால் காதில் விழும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் புறவழிச்சாலை எதற்கு என்பதை நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். ஊருக்குள் வேலை இல்லாத லாரியும் பேருந்தும் ஊருக்குள் நுழையாமல் போவதற்காகப் போட்ட சாலை அது. அதன் ஓரத்தில் ஒரு டீக்கடை, பிறகு பெட்ரோல் பங்க், பிறகு பிரியாணிக் கடை, பிறகு மஹால், பிறகு மனைப்பிரிவு என்று வந்துவிட்டால், அது கடைத்தெருவாகி விடுகிறது. ஆனால் வண்டிகள் மட்டும் புறவழிச்சாலை வேகத்திலேயே வருகின்றன. கடைத்தெருவின் நெரிசலும் நெடுஞ்சாலையின் வேகமும் ஒரே இடத்தில் சேர்வதுதான் ஆபத்து.

சென்னையில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. கோயம்பேடு ஒரு காலத்தில் நகரத்தின் ஓரம். பாரிமுனைப் பக்கம் நெரிசல் தாங்கவில்லை என்றுதான் 1996-இல் காய்கறிச் சந்தையையும், 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையத்தையும் அங்கே கொண்டு போனார்கள். இருபது ஆண்டுகளில் நகரம் கோயம்பேட்டைச் சுற்றி வளைத்துக் கொண்டது. அங்கும் நெரிசல் தாங்காமல் அடுத்த ஓரம் தேடினார்கள். அதுதான் வண்டலூரைத் தாண்டியுள்ள கிளாம்பாக்கம். சுமார் 88 ஏக்கரில் கட்டப்பட்டு 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது.

கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது. விசாலமான இடம். தென்மாவட்டங்களிலிருந்து கண் ஆபரேஷனுக்கும், பாஸ்போர்ட் விசா வேலைக்கும், வளைகுடா விமானம் ஏறவும் சென்னை வரும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் இதற்குள் அங்கே இறங்கியிருப்பீர்கள். ஆனால் திறந்த அன்று நிலவரம் என்ன? கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் பாதை ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் கிளாம்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயில் ஏற வேண்டுமானால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் மெட்ரோ பாதை அப்போது திட்டமாக மட்டுமே இருந்தது. ஆகவே இறங்கிய அத்தனை பேரும் மாநகரப் பேருந்து, ஆட்டோ, வாடகைக் கார் என்று ஏற்கெனவே திணறிக் கொண்டிருந்த அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் ஏறியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காத பயணிகள் நள்ளிரவில் சாலை மறியல் செய்தார்கள். ஆம்னி பேருந்துகள் எங்கே ஆளை ஏற்றுவது என்பது உயர் நீதிமன்றம் வரை போய், போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிப் பகுதிகளில் ஏற்றி இறக்கிக்கொள்ள இடைக்கால அனுமதி கிடைத்தது.

அந்த நிலையத்தைக் கட்டியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கட்டிடம் முதலில், வழி பிறகு என்ற வரிசைதான் தவறு. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோதே ரயில் நிலையத்துக்கும் நடைமேம்பாலத்துக்கும் வேலை தொடங்கியிருந்தால், கைக்குழந்தையும் பெட்டியுமாக எத்தனையோ பேர் பட்ட அவதி மிச்சமாகியிருக்கும். ஓர் அரசே கட்டிய திட்டத்தில் இப்படி என்றால், லாபத்துக்காக ஒரு தனியார் கட்டும் வளாகத்தில் வழியைப் பற்றி அவராக யோசிப்பார் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

சரி, நெரிசலை எப்படி அளக்கிறார்கள்?

சாலைப் பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் 'கார்' என்ற ஒரே அளவுக்கு மாற்றித்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவில் இதற்கான விதிகளைத் தருவது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு. பெயரைப் பார்த்து அரசியல் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அது 1934-இல் தொடங்கிய பொறியாளர்கள் அமைப்பு. நகர்ப்புறச் சாலைகளுக்காக 1990-இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு கார் 1 என்றால், இருசக்கர வண்டி அரை முதல் முக்கால், ஆட்டோ 1.2 முதல் 2 வரை. பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7 வரை. அந்தந்த வகை வண்டி சாலையில் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பெரிய எண். ஓரத்தில் கடையும் வீட்டு வாசலும் திறக்கிற, போகவும் வரவும் ஒவ்வொரு வரிசை உள்ள சாலைக்கு, இரு திசையும் சேர்த்து மணிக்கு 900 கார் அளவுதான் நிம்மதியாக ஓடக்கூடிய அளவு என்று அதே வழிகாட்டி சொல்கிறது. நெருக்கியடித்தால் கூடுதலாகவும் போகும்தான். ஆனால் இரண்டு ஓரத்திலும் வண்டி நிறுத்தி, நடுவில் மாடும் படுத்திருக்கிற நம் சாலைகளில் அந்த 900-ஐயே உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அப்படியொரு சாலையில் மஹால் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ஆயிரம் பேர் விருந்தாளிகள். (நம் சமுதாயத்தில் ஆயிரம் என்பது 'சுருக்கமாகச் செய்கிறோம்' என்பதன் பொருள்!) அதில் 500 பேர் 250 பைக், ஸ்கூட்டியில் வருகிறார்கள். 300 பேர் 75 காரில். 60 பேர் 20 ஆட்டோவில். மீதி 140 பேர் மூன்று பேருந்துகளில். மேலே சொன்ன அளவில் பெரிய எண்களைப் போட்டால் பைக்குகள் சுமார் 188, கார்கள் 75, ஆட்டோக்கள் 40, பேருந்துகள் 11. மொத்தம் 314.

வரும்போது பிரச்சினை பெரிதாகத் தெரியாது. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை சிறுகச் சிறுக வருவார்கள். போகும்போதுதான் சிக்கல். லுஹர் தொழுது, சாப்பிட்டு, எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அந்த 314-ம் அரை மணி நேரத்தில் வாசலுக்கு வருகிறது என்று வையுங்கள். அரை மணி நேரத்துக்குச் சாலையின் அளவு 450. அதில் வழக்கமாக ஓடுகிற வண்டிகளே 350 இருந்தால், காலியிடம் 100தான். மீதி 214 தேங்கி நிற்கும். அந்தத் தேக்கம் கரைவதும் அரை மணிக்கு 100 என்ற கணக்கில்தான். அதாவது கடைசி விருந்தாளி மஹாலை விட்டு வெளியேறிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலை அடைத்துக்கொண்டே இருக்கும். "எல்லாரும் போய்ட்டாங்களே, இன்னும் ஏன் டிராஃபிக்?" என்று நாம் கேட்கிறோமே, அதற்கு விடை இதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சாலையில் ஏற்கெனவே 350 ஓடியதால்தான் இந்தத் தேக்கம். அது 130 ஆக இருந்திருந்தால் அதே கல்யாணம் யாருக்கும் தெரியாமல் கடந்து போயிருக்கும். ஆகவே "மஹால் நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. இந்தச் சாலையில், இந்த நேரத்தில், எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நெரிசலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வாசல். நான்கு வழிச்சாலையில் நடுவே தடுப்பு இருக்கும். வளாகத்தின் வாசலுக்கு நேராகத் தடுப்பில் இடைவெளி இருக்காது. அடுத்த இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? எதிர்த்திசையிலேயே ஓரமாக வண்டியை ஓட்டி வருவார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் இருக்க, எதிரே லாரி வர, சர்வசாதாரணமாக இதைச் செய்கிறோம். "கட்டுப்பாடு இல்லாத ஜனங்கள்" என்று திட்டுவது சுலபம். ஆனால் இரண்டு கிலோமீட்டர் சுற்றி வரவேண்டிய இடத்தில் வாசலை வைத்தவரையும், அதற்குச் சம்மதித்தவரையும் யாரும் கேட்பதில்லை. நான் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறார்கள். அஸருக்குப் பின் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய பிள்ளைகள் கடந்து வருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

ஃபிக்ஹில் சாலை

சாலை விஷயம் மார்க்கத்துக்கு அப்பாற்பட்டது என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதைக் கல்லோடும் முள்ளோடும் நிறுத்திக்கொள்கிறோம். பாதையின் அகலத்தில் கருத்து வேறுபாடு வந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நிலத்தின் சொந்தக்காரர்கள் கட்டத் தொடங்கும் முன்பே பொதுவழிக்கு அளவு வைத்தாக வேண்டும் என்ற சிந்தனை அதில் இருக்கிறது.

மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதியவர்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இந்தப் பகுதியைக் கடந்திருப்பார்கள். பொதுவழியின் மேல் ஒருவர் தன் வீட்டிலிருந்து மாடம் நீட்டலாமா என்பது அங்கே பேசப்படுகிறது. கீழே ஒருவர் நிமிர்ந்து நடந்துபோக முடிகிற உயரம் இருக்க வேண்டும்; அது குதிரை வீரர்களும் வணிகக் கூட்டங்களும் போகிற பாதையாக இருந்தால், பல்லக்கு கட்டிய ஒட்டகம் தட்டாமல் போகிற உயரம் வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். பொதுவழியில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும்கூடத் தடுக்கிறார்கள். மாணவனாக இருந்தபோது இந்த ஒட்டகக் கணக்கைப் படித்துச் சிரித்திருக்கிறோம். இன்று யோசித்தால், அந்தச் சாலையில் போகக்கூடிய மிகப் பெரிய வாகனம் எது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கட்டிடத்துக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். இன்று லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் திட்ட அலுவலகம் போட வேண்டிய கணக்கும் அதுதான்.

யார் அனுமதி தருகிறார்கள்?

ஓர் ஊர் எல்லை வளாகத்துக்கு ஒரே இடத்தில் அனுமதி கிடைப்பதில்லை. கட்டிட அனுமதி உள்ளாட்சியும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் (சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ.) சம்பந்தப்பட்டது. அவர்கள் பார்ப்பது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளை. முன்னால் உள்ள சாலையின் அகலம், வளாகத்துக்குள் எத்தனை வண்டி நிறுத்த இடம் என்பதெல்லாம் அதில் உண்டு. நிலம் விவசாய நிலமாகவோ வீட்டுமனைப் பகுதியாகவோ வகைப்படுத்தப்பட்டிருந்தால், வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கும்படி நாளிதழில் அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில், சர்வே எண்ணோடு, யாரும் படிக்காத பக்கத்தில் வரும். ஆனால் பொதுமக்கள் பேசுவதற்கு உள்ள மிக நல்ல வாசல் அதுதான்.

தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால், அதில் வாசல் திறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நிலம் சாலையை ஒட்டி இருப்பதால் மட்டும் வாகனத்தை நேராக நெடுஞ்சாலையில் ஏற்றும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. இது பலருக்குத் தெரியாது. 'என் நிலம், என் வாசல்' என்ற பேச்சு இங்கே செல்லாது.

கட்டிடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாநில அளவிலான ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். அந்த விண்ணப்பத்தில் வண்டி நிறுத்தம், வாசலில் போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் நடப்பதுபோல் இதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. கட்டிடத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. "கலெக்டர் கூட்டம் போடுவார், அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால், அப்படியொரு கூட்டம் வரவே வராது. நாமாகத்தான் போய்ப் பேச வேண்டும்.

கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானம் போட்டால் உடனே திட்டம் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கோப்பில் ஏறும், பின்னால் வழக்கு என்று வந்தால் அது பேசும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் உண்டு. என்ன அனுமதி கேட்டிருக்கிறார்கள், வாசல் எங்கே காட்டியிருக்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வதந்தியை வைத்துக்கொண்டு மனு எழுதாமல், வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். கட்டுகிறவர் நம் ஆளாக இருந்தால் என்ன செய்வது? பள்ளிவாசலுக்கு அள்ளித் தருகிறவராக இருந்தால்? முதலில் அவரிடமே போய்ப் பேசுங்கள். மேடையில் அல்ல, அவர் வீட்டில். வாசலைப் பக்கத்துச் சாலையில் வைக்க முடியுமா, சாலையில் வரிசை நிற்காமல் உள்ளேயே முப்பது நாற்பது வண்டி காத்திருக்க இடம் விடமுடியுமா, முன்புறம் பத்தடி உள்வாங்கி அணுகுசாலை தரமுடியுமா, பாதசாரிகள் கடக்க ஏற்பாடு செய்ய உதவ முடியுமா என்று கேளுங்கள். வரைபட நிலையில் இதெல்லாம் கோடு மாற்றும் வேலை. கான்கிரீட் போட்ட பிறகு ஒன்றும் நடக்காது. நெரிசலுக்குப் பேர்போன மஹாலை யாரும் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். கேட்காவிட்டால், நன்கொடை தந்தவர் என்பதற்காக ஊர்ப் பிள்ளைகளின் உயிரை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் எந்த ஜமாஅத் நிர்வாகத்துக்கும் இல்லை. மனு எழுத வேண்டியதுதான்.

கட்டுகிறவர் வேறு சமுதாயத்தவர் என்றாலும் இதே வரிசைதான், இதே மரியாதைதான். போக்குவரத்துப் பேச்சு சமுதாயப் பேச்சாக மாறிவிட்டால் காரியமும் கெடும், ஊரும் கெடும்.

அதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். புதிய பள்ளிவாசல், மதரஸா, நாம் நடத்தும் பள்ளிக்கூடம் எதற்கு அனுமதி கேட்டாலும் 'போக்குவரத்துக்கு இடையூறு' என்று ஆட்சேபம் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். சில நேரம் அது வெறும் சாக்கு. சில நேரம் உண்மை. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நம் பள்ளிவாசல் தெருவில் பைக் எப்படி நிறுத்துகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்கு செய்யாமல் மஹாலுக்கு எதிராக மனு கொடுத்தால், வாங்குகிற அதிகாரி முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதிர்ப்பவர்களின் சாக்கை இல்லாமல் ஆக்குவது நம் கையில்தான் இருக்கிறது. இரண்டு வாலிபர்களை நிறுத்தி வண்டிகளை ஒரே பக்கம் விடச் செய்தாலே பாதி தீர்ந்துவிடும்.

மனுவைப் பற்றி ஒரு கடைசி விஷயம். "மிகுந்த போக்குவரத்து நெரிசல் ஏற்படும்" என்று மட்டும் எழுதினால் எல்லா மனுவையும் போல அதுவும் கட்டில் சேரும். எண்ணோடு எழுதுங்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் போதும். வளாகம் வரும் இடத்தில், சாலைக்கு ஒரு பக்கம் இரண்டு பேராக, காலை எட்டு முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் ஆறரை, ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும் நிற்கட்டும். பைக், ஆட்டோ, கார், பேருந்து லாரி, சைக்கிள், நடந்து கடப்பவர்கள் என்று தனித்தனிக் கட்டம் போட்ட தாளில் கால் மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதட்டும். கடக்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள். நேரம் தெரியும்படி நான்கைந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தாள்களின் நகலை மனுவோடு இணைத்து, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று கொடுத்து, மூன்றுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி ஜமாஅத் அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள்.